எனக்கு ஆறு, அவனுக்கு ஏழு

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. அதன் ஒரு முனையில் நானும் மறுமுனையில் என் கணவன் சேகரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேர் மடியிலும் ஒரே கணக்கு. சாயங்கால வெயில் தண்டவாளத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. எதிர் லைனில் ஒரு கூட்ஸ் வண்டி, கிளம்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது.

பார்த்தவர்கள் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றுதான் நினைத்திருப்பார்கள். சுண்டல் விற்கிற அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். பேச்சுவார்த்தை இல்லையா என்று கேட்டுவிட்டு, ஒரே பொட்டலமாகக் கட்டி இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

சண்டை இல்லை, போட்டி. கணக்கைச் சரியாகப் போடுகிறவர் சனிக்கிழமை டிப்ளமா பரீட்சைக்குப் போவது. தப்பாகப் போடுகிறவர் அன்றைக்கு ஃபேக்டரிக்குப் போவது. பழைய பாடத்திட்டத்தில் படித்த எங்களுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதை விட்டவருக்கு அதுவரை பாஸ் பண்ணிய பேப்பர்கள் எல்லாம் செல்லாது. திரும்பவும் முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கணவன் மனைவிக்குள் இப்படி ஒரு போட்டி வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைத்தவளே நான்தான்.

'அவன்' என்று எழுதிய குற்றம்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் எங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் சேகரை அவன் இவன் என்று எழுதியிருந்ததில் என் மாமியாருக்கு வருத்தம். எங்கள் ஊரான ஆரம்பாக்கம் முழுக்கப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டியவர், வீட்டுக்குள் வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கும்போது ஒரே டெஸ்டருக்கு நானும் அவனும் அடித்துக்கொண்டிருக்கிறோம். அப்படிப்பட்டவனை எப்படி 'அவர்' என்பது? மாமியார் எதிரில் 'அவர்' என்பேன். அவர் அந்தப் பக்கம் போனதும் 'டேய் சேகரு' தான்.

சேகர் ஒரு கல்லுளிமங்கன். எதைச் சொன்னாலும் 'சரி' என்பான். ரேஷன் கடைக்குப் போ என்றாலும் சரி, போகாதே என்றாலும் சரி. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று நானே ஒப்புக்கொண்டாலும், சரி என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வான். சண்டை போட வசதியே இல்லாத ஆள். நான் சண்டைக்காரி. எங்கள் குடும்பத்தில் நான் பேசுவேன், அவன் சரி சொல்வான். அப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

எண்ணெய்க் கையோடு ஒரு வகுப்பு

கொரோனா அடங்கி, ரயில்கள் பழையபடி ஓடத் தொடங்கிய நேரம். சிப்காட்டில் ஒரு ஃபேக்டரியின் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அங்கே டெஸ்டிங் பிரிவுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், டிப்ளமா இருந்தால்தான் எடுப்பார்கள் என்று பேச்சு வந்தது. ஏற்கெனவே ஒரு மாலை வகுப்பில் ஆளுக்குக் கொஞ்சம் படித்து, ஊரடங்கில் தடுமாறி நின்றிருந்தோம். மறுபடியும் புத்தகத்தைத் தூசி தட்டினோம்.

ஷிஃப்ட் முடிந்து, ரயில் பிடித்து, பொன்னேரி தாண்டிப் போய் வகுப்பில் உட்கார்ந்தால் அறை முழுக்க மெஷின் ஆயில் வாசனை அடிக்கும். எல்லாரும் எங்களைப் போல ஏதாவது ஒரு கம்பெனி ஆட்கள். பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியிலிருந்து வரும் ஸ்டெல்லாதான் எனக்கு நெருங்கிய சிநேகிதி. வேறொரு கம்பெனியில் வயரிங் செக்‌ஷனில் இருந்தாள். சம்சாவைப் புத்தகத்தின் மேல் வைத்துச் சாப்பிடுவாள். அவளுடைய புத்தகத்தில் எண்ணெய் படாத பக்கம் எது என்று பார்த்தால், எந்தப் பாடத்தை அவள் படிக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

எல்லாப் பேப்பரும் ஒருவழியாகக் கரையேறின. சர்க்யூட் தியரி மட்டும் எங்கள் மூவருக்கும் நின்றுவிட்டது. அதிலும் எங்களை வாரிவிட்டது ஒரே ஒரு இடம்தான்.

சட்டைப் பையில் ஃபியூஸ்

அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கரண்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் பயப்படாமல் படிக்கலாம்.

பேட்டரிகளும் ரெசிஸ்டர்களும் கண்டபடி பின்னிக் கிடக்கிற ஒரு பெரிய சர்க்யூட் இருக்கிறது என்று வையுங்கள். அதிலிருந்து இரண்டு முனைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே எத்தனை சிக்கல் இருந்தாலும், அந்த மொத்தத்தையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு பேட்டரியையும் ஒரே ஒரு ரெசிஸ்டரையும் வரிசையாகப் போட்டுவிடலாம். வெளியே ஒரு பல்பை மாட்டினால் அதற்கு வித்தியாசமே தெரியாது. முன்பு எரிந்தது போலவே எரியும். இதற்குத்தான் சமானச் சுற்று என்று பெயர்.

நான் முதலில் கேட்டபோது எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். எதை மாட்டினாலும் 'சரி' என்று ஒரே பதில்.

அந்த ஒற்றை ரெசிஸ்டரின் அளவைக் கண்டுபிடிக்க, உள்ளே இருக்கும் பேட்டரியை முதலில் 'கொல்ல' வேண்டும். பிறகு இரண்டு முனையிலிருந்து உள்ளே பார்த்து, எவ்வளவு தடை தெரிகிறது என்று கணக்குப் போட வேண்டும். பேட்டரியைக் கொல்வது என்றால், படத்தில் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் கம்பியைப் போட்டு இணைப்பது. அதாவது ஷார்ட் பண்ணுவது.

இங்கேதான் எங்கள் வகுப்பு மொத்தமும் குப்புற விழுந்தது. காரணம், எங்கள் தொழில். ஒரு லைனைக் கொல் என்று எங்களிடம் சொன்னால், கை நேராக ஃபியூஸுக்குப் போகும். அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். வேலை முடிகிற வரை அது நம் பையில்தான் இருக்கும், வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. சேகர் ஒரு தடவை அதை மறந்துபோய்ப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். மூன்றாவது லைன் மெஷின் ஏன் ஓடவில்லை என்று அங்கே ஒரு கூட்டமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது.

ஷார்ட் என்ற வார்த்தையை நாங்கள் ஓடிக்கொண்டேதான் சொல்வோம். அதைப் போய் பேனாவால் வரை என்றால் கை வருமா? பேட்டரியைப் பிடுங்கி, அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடுவோம். கணக்கு தப்பாகிவிடும்.

பகலில் படிக்கிற காலேஜ் பிள்ளைகள் ஒருவரும் இந்தத் தப்பைச் செய்வதில்லையாம். எங்கள் வகுப்பில் அத்தனை பேரும் ஒரே தப்பைச் செய்ததைப் பார்த்து, நாங்கள் பார்த்து எழுதிவிட்டோம் என்று சார் ஒரு நாள் முழுக்கத் திட்டினார். உண்மை தெரிந்த பிறகு, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்து வகுப்பில் இருந்து வந்து பார்த்தார்கள்.

கெப்பாசிட்டர் பேனல் முன்னால்

சிரித்தாரே தவிர, எங்கள் கையைத் திருத்த அவரால் முடியவில்லை. விதியை மனப்பாடம் செய்தோம். பரீட்சையில் உட்கார்ந்ததும் பழக்கம் வந்து விதியைத் தள்ளிவிட்டுவிடும்.

ஒரு நாள் ஃபேக்டரியில் கெப்பாசிட்டர் பேனலில் வேலை. ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டாயிற்று. ஆனால் கெப்பாசிட்டரில் அதற்குப் பிறகும் வோல்டேஜ் தேங்கி நிற்கும். அதனால் எர்த் வயர் கட்டிய ஒரு கம்பை வைத்து, கெப்பாசிட்டரின் முனைகளை எர்த்தோடு சேர்த்துவிடுவோம். சின்னதாக ஒரு சத்தம் வரும். அதன் பிறகுதான் கையை வைப்போம். பல வருஷமாகச் செய்கிற வேலை இது.

அன்றைக்கு அந்தச் சத்தம் வந்தபோது எனக்குள் ஏதோ திறந்தது. ஃபியூஸைப் பிடுங்கினால் கரண்ட் போகிற வழிதான் அறுகிறது. வோல்டேஜைச் சாகடித்தது இந்த எர்த் கம்பி அல்லவா? இரண்டு முனைக்கு நடுவில் வெறும் கம்பி இருந்தால்தான் அங்கே வோல்டேஜ் பூஜ்யம் என்று அடித்துச் சொல்ல முடியும். நாங்கள் தினமும் கையால் செய்ததைத்தான் புத்தகம் பேனாவால் செய்யச் சொல்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் சேகரிடம் மூச்சு விடாமல் இதைச் சொன்னேன். அவன் எலுமிச்சம்பழச் சாதத்தை மென்றுகொண்டே சரி என்றான். எனக்கு ஆத்திரமாக வந்தது. நியூட்டனே வந்து ஆப்பிள் விழுந்த கதையைச் சொன்னாலும் இவன் சரி என்றுதான் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டான் என்றே முடிவு செய்தேன்.

ஒரே சனிக்கிழமை

பரீட்சைத் தேதி வந்தது. அதே சனிக்கிழமைதான் ஃபேக்டரியில் ஷட்-டவுன். ஈ.பி.யில் லைனை நிறுத்திக் கொடுக்கும் நாள், மாற்ற முடியாது. வேலையை முன்நின்று செய்ய லைசென்ஸ் உள்ளவர்கள் மூன்று பேர். ஒருவர் தங்கை கல்யாணத்துக்குப் பள்ளிப்பட்டு போயிருந்தார். பாக்கி நாங்கள் இருவர்.

எங்கள் இன்சார்ஜ் ஆந்திர எல்லையில் உள்ள தடா பக்கத்து ஆள். நல்ல மனுஷர். இரண்டு பேரும் போய் நின்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒருத்தரை உடறேன் நைனா, அதுக்கு மேல என்னால ஆவாது. நீங்களே பேசி யாருன்னு சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்ததும் சேகர் சொன்னது மூன்றே வார்த்தை. நீ போ கலா.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அவனும் என்னைப் போலவே ரயிலில் நின்றுகொண்டு படித்தவன். குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே அசைன்மென்ட் எழுதியவன். டெஸ்டிங் வேலை மேல் அவனுக்கும் ஆசை உண்டு என்று எனக்குத் தெரியும். அதை எனக்குத் தூக்கிக் கொடுப்பானாம், நான் வாங்கிக்கொண்டு போவேனாம். பிச்சை எடுத்துப் பாஸ் பண்ண வேண்டிய அவசியம் எனக்கில்லை என்று கத்தினேன். சீட்டுக் குலுக்கலாமா என்றான். அதிர்ஷ்டமும் வேண்டாம் என்றேன். கணக்குப் போடுவோம், யாருக்குச் சரியாக வருகிறதோ அவர் போகட்டும், இரண்டு பேருக்கும் சரியாக வந்தால் அடுத்த கணக்கு என்றேன்.

சரி என்றான்.

பெஞ்சின் இரு முனைகள்

அப்படித்தான் அந்த பிளாட்பாரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். வினா வங்கியைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட கணக்கை எடுத்தேன். ஒரு பேட்டரி; ஆறு, மூன்று, நான்கு ஓம் என்று மூன்று ரெசிஸ்டர். விடை புத்தகத்தின் கடைசியில்.

சமான பேட்டரி எட்டு வோல்ட். அது இருவருக்கும் சரியாக வந்தது. ரெசிஸ்டர்தான் பாக்கி. பேட்டரி இருந்த இடத்தில் கம்பியைப் போட்டேன். ஆறும் மூன்றும் பக்கம் பக்கமாக, அதாவது பேரலலாகச் சேர்ந்து இரண்டாயிற்று. அதோடு நான்கு. மொத்தம் ஆறு.

"எனக்கு ஆறு" என்றேன்.

"ஏழு" என்றான் சேகர்.

ஏழு எப்படி வரும் என்று எனக்கு உடனே புரிந்தது. பேட்டரியைப் பிடுங்கிவிட்டு இடத்தை வெறுமனே விட்டால், அதோடு சேர்ந்த ஆறு ஓம் ரெசிஸ்டர் அந்தரத்தில் தொங்கும். மிச்சம் இருக்கிற மூன்றும் நான்கும் ஏழு. பழைய தப்பேதான். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ஆறு.

நான் சிரித்தேன். வெட்கமில்லாமல், பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். அன்றைக்கு அவ்வளவு சொன்னேனே, மண்டையில் ஏறவில்லையா என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். பழக்கம் விடமாட்டேன் என்கிறது என்று தலையைத் தடவிக்கொண்டான். சுண்டல் பொட்டலத்தை முழுக்க நானே காலி செய்தேன். ஜெயித்தவளுக்குப் பசிக்கும்.

அவனுக்காக வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் நியாயமாக ஜெயித்தோம் என்ற நிம்மதி அந்த வருத்தத்தை அமுக்கிவிட்டது.

ஸ்டெல்லா சொன்னது

சனிக்கிழமை பரீட்சை நன்றாகப் போனது. எதிர்பார்த்த கணக்கு வந்தது. தயங்காமல் கம்பியைப் போட்டேன். அதன் கீழே குட்டிக் கேள்வி ஒன்று. அசல் சர்க்யூட்டுக்குள் வீணாகும் சக்தியைச் சமானச் சுற்றை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியாது என்று எழுதினேன். வெளியே எதையும் மாட்டாதபோதும் அசல் சர்க்யூட்டின் உள்ளே ரெசிஸ்டர்கள் சூடாகிக்கொண்டே இருக்கலாம், சமானச் சுற்றில் அந்தச் சூடு தெரியாது என்று இரண்டு வரி எழுதிவிட்டு, நேரத்தைப் பார்த்துப் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பும்போது ஸ்டெல்லாவும் நானும் ஒரே வண்டி. அவள் பொன்னேரியில் இறங்க வேண்டும். உட்கார்ந்ததும் விடைகளை ஒப்பிட ஆரம்பித்தோம். அவளுக்கும் அந்தக் கணக்கு சரியாக வந்திருந்தது. எப்படிப் போட்டாய், நீயும் என்னைப் போலத் தப்பு பண்ணுகிறவள்தானே என்று கேட்டேன்.

"உன் ஊட்டுக்காரர்தான் சொல்லிக் குட்த்தாரு" என்றாள் ஸ்டெல்லா. "போன மாசம் நீ லீவு போட்டியே, அன்னிக்கு. அந்த கெப்பாசிட்டர் மேட்டர்லாம் சொல்லி, ரெண்டு கணக்கு போட்டுக் காமிச்சாரு. கலாதான் கண்டுபுடிச்சா, எங்க சாருக்கே இது தோணல அப்டின்னு அவ்ளோ பெருமையா சொல்லிகினு வந்தாரு."

அவளுக்கு என் முகத்தைப் பார்த்து ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயம் வந்துவிட்டது. பொன்னேரியில் இறங்கும்போதுகூடத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஒரு மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஏழு என்றிருக்கிறான். தலையில் குட்டும் வாங்கிக்கொண்டு, பழக்கம் என்று பொய் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இரண்டு வரி எழுதிவிட்டு வந்தேனே, அதன் அர்த்தம் கவரைப்பேட்டை தாண்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. வெளியிலிருந்து பார்த்துப் பார்த்து, என் கணவனை ஒரு 'சரி' என்று சுருக்கி வைத்திருந்தேன்.

கோபம் வந்தது. என் வெற்றியைக் களவாடிவிட்டான் என்று அவமானமாகவும் இருந்தது. அதோடு, சொன்னால் வெட்கம், சந்தோஷமாகவும் இருந்தது.

கேட்டுக்கு வெளியே

வீட்டுக்குப் போகாமல் நேராக ஃபேக்டரி கேட்டுக்குப் போனேன். ஷட்-டவுன் முடிந்து சேகர் வெளியே வந்துகொண்டிருந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்ததும், எப்படி எழுதினாய் என்று கேட்டான்.

"ஆறுன்னு உனக்குத் தெரியும் இல்ல?"

கையில் இருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு தெரியும் என்று தலையை ஆட்டினான்.

"அப்புறம் இன்னாத்துக்கு ஏழுன்ன?"

"நான் உட்டுக் குட்த்தா நீ போவ மாட்ட. நான் தோத்தாதான் போவ."

நடுரோட்டில் நின்று அழுதேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி எழுந்து வந்து, எதுனா பிரச்னையாம்மா என்று கேட்டார். ஆமாம், இந்த ஆளுதான் பிரச்னை என்றேன். ஆரம்பாக்கம் போய்ச் சேரும் வரை அவனோடு பேசவில்லை. ஆனால் வண்டியில் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன்.

ரிசல்ட்டுக்குப் பிறகு

பாஸ் பண்ணினேன். டெஸ்டிங் பிரிவில் சேரச் சொல்லி ஆர்டர் கொடுத்தார்கள். என்னைவிட அவன்தான் ஷிஃப்ட் முழுக்க எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்துக்கொண்டு திரிந்தான்.

நான் காலேஜுக்குப் போய் முதலாமாண்டு விண்ணப்பம் ஒன்றை வாங்கி வந்து அவன் முன்னால் வைத்தேன். அன்றைக்குத்தான் என் கணவன் 'சரி' சொல்லாததை முதல்முறையாகப் பார்த்தேன். இந்த வயதில் மறுபடியும் முதல் வருஷமா, குழந்தையை யார் பார்ப்பது, வேறு பேஜார் இல்லையா நமக்கு என்று வரிசையாகப் பேசினான். இவனுக்கு இவ்வளவு பேச வருமா என்று எனக்கு ஆச்சரியம்.

நானும் விடவில்லை. டெஸ்டிங்கில் எனக்குப் பகல் வேலைதான், குழந்தையை நானும் அத்தையும் பார்த்துக்கொள்வோம் என்றேன். அவன் வகுப்பில் சேராவிட்டால் நானும் டெஸ்டிங்கில் சேரப் போவதில்லை என்றேன். வெறும் மிரட்டல் என்று நினைத்தான். ஆர்டரை மடித்து இன்சார்ஜிடமே திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். வீட்டில் அடுப்பு எரிந்தது, சாப்பாடு நடந்தது, பேச்சு மட்டும் நின்றுபோனது. மாமியார் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழாயடியில் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் குந்தினான். சோப்பு நுரையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே இருந்துவிட்டு, சரி, சேர்கிறேன் என்றான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சட்டையைப் பிழிவதை நிறுத்திவிட்டு அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன்.

"இதுவும் வேணும்னே தோக்கறதா சேகரு?"

"இல்ல கலா" என்றான். "இந்த வாட்டி நெஜமாவே தோத்துட்டேன்."